இரண்டாவது நாவலுக்கு எந்த வழி? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

என் இரண்டாவது நாவல் முடிந்து மூன்று மாதமாகிறது. நான்கு வருட வேலை. செம்பனை ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதுவது என் தொழில். குலை ஏற்றிய லோரிகள் வரிசை கட்டி நிற்கும் நாள்களில் வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். அதனால் பாதி நாவலைக் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலி வழியாகத் தட்டினேன். மீதியை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதினேன். இப்போது பிரதி தயார். இதை வாசகரிடம் எப்படிக் கொண்டுபோவது?

இங்கே மலேசியாவிலேயே சொந்தமாக அச்சிட்டு வெளியீட்டு விழா வைக்கலாம். தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஒன்றிடம் கொடுக்கலாம். கிண்டிலில் மின்னூலாகப் போடலாம். நாளிதழின் ஞாயிறு பதிப்பில் தொடராக வரச் செய்யலாம். தோட்டப் பட்டணம் ஒன்றில் இருந்துகொண்டு தனியாக எழுதும் யாருக்கும் ஏறக்குறைய இதே நான்குதான் வந்து நிற்கும். அதனால் என் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாவலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் கதை என்று தெரியாமல் எந்த வழி என்று பேச முடியாது.

1948 ஜூன் 16 அன்று இந்த சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிக் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பாடப்புத்தகத்தில் இது சில வரிகள்தான். என் பாட்டிக்கு அது பன்னிரண்டு வருட வாழ்க்கை. லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சுற்றி முள்வேலி போட்டது, இருட்டினால் வெளியே போகக் கூடாது என்றது, பால்மரம் வெட்டப் போகும்போது கொண்டுபோகும் சோற்றைக்கூடச் சோதித்தது எல்லாவற்றையும் அவர் மங்கு கழுவிக்கொண்டே பேசுவது போல, குரலை ஏற்றாமல் சொல்வார். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தக் குரல்தான். அடுத்தது வானொலி நாடகங்கள். உரையாடலை எங்கே நிறுத்துவது என்று அவற்றில்தான் படித்தேன். அப்புறம் 'புயலிலே ஒரு தோணி' எழுதிய ப. சிங்காரம். மெடானும் பினாங்கும் தமிழ் நாவலுக்குள் அவ்வளவு இயல்பாக வர முடியும் என்று காட்டியவர் அவர். தன் பெரிய நாவலை எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்து, 1972இல்தான் அவரால் அதை நூலாகப் பார்க்க முடிந்தது. அந்தக் காத்திருப்பை நினைக்காமல் நான் எந்தப் பதிப்பகத்துக்கும் கடிதம் எழுதியதில்லை.

ஆக, என் நாவல் ஒரு லயத்தின் கதை. முள்வேலி போட்டதில் தொடங்கி, கித்தா (ரப்பர்) மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டு, ஆட்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் கலைந்து போவதில் முடிகிறது. அப்படிக் கலைந்துபோனவர்களில் பலர் இன்றும் என் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார்கள். எந்த வழியை எடைபோட்டாலும் அவர்கள் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.

வெளியீட்டு விழாவிலிருந்து தொடங்குகிறேன். என் முதல் நாவல் அந்த வழியில்தான் வந்தது. ஈப்போவில் ஓர் அச்சகத்தில் 500 பிரதி போட்டேன். 4,200 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. மண்டப வாடகை, பதாகை, மாலை, பொன்னாடை, மீகூன், வடை, தேநீர் என்று மேலும் 1,600. ஞாயிற்றுக்கிழமை மாலை. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூல் ஆய்வுரை. சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததால் ஆய்வுரையைப் பத்து நிமிடமாகச் சுருக்கச் சொன்னார்கள். ஆய்வுரைக்காக நாவலை மூன்று முறை படித்துவிட்டு வந்திருந்த ஆசிரியர் முகத்தை இன்னும் நான் மறக்கவில்லை. முதல் நூலை ஒரு தொழிலதிபர் பெற்றுக்கொண்டார். பிறகு வரிசையாக உறைகள். 25 வெள்ளி நூலுக்குச் சிலர் ஐம்பது வைத்தார்கள், சிலர் நூறு வைத்தார்கள். அன்று இரவு எண்ணிப் பார்த்தபோது 7,800 வெள்ளி இருந்தது. செலவு போக இரண்டாயிரம் மிச்சம்.

மலேசியாவில் தமிழ் நூல்கள் இத்தனை காலம் வந்துகொண்டிருப்பதற்கு இந்த உறைகள் பெரிய காரணம். நம் மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் முறை இது. அந்த மாலை எனக்குக் கிடைத்த மரியாதையை நான் வேறெங்கும் வாங்கியிருக்க முடியாது.

ஆனால் ஒரு வருடம் கழித்து யோசித்துப் பார்த்தேன். அன்று 210 பிரதிகள் கைமாறின. அந்த 210 பேரில் நாவலைப் படித்துவிட்டு என்னிடம் பேசியவர்கள் நான்கு பேர். ஒரு நண்பர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் என் நூல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்ததைப் பார்த்தேன். அவர்மேல் வருத்தம் வரவில்லை. கல்யாணத்தில் மொய் எழுதுவது போல அவர் எனக்கு மொய் எழுதியிருந்தார். மொய்க்குப் பதில் மொய் உண்டு: அடுத்த இரண்டு வருடம் நான் போகாத வெளியீட்டு விழா இல்லை; ஒவ்வொன்றிலும் ஐம்பது வெள்ளி. மிச்சமான இரண்டாயிரத்தில் பெரும்பகுதி அப்படியே திரும்பிப் போனது. அதிலும் தப்பில்லை. ஆனால் மற்ற எழுத்தாளர்களின் நூல்களை வாங்கிவந்து நானும் எத்தனையைப் படித்தேன் என்று கேட்டுக்கொண்டபோது மனம் கனத்தது.

மிச்சம் இருந்த 290 பிரதிகள்தான் எனக்கு உண்மையில் பாடம் சொன்னவை. அவற்றைத் தூக்கிக்கொண்டு கோயில் திருவிழாக்களுக்கும் பசார் மாலம் என்ற இரவுச் சந்தைகளுக்கும் போனேன். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் ஒரு நண்பரின் பூசைப் பொருள் கடையில் ஒரு மேசை ஓரம் கேட்டு வாங்கி அடுக்கி வைத்தேன். ஒரே நாளில் 60 போனது. நின்று, புரட்டி, பின்னட்டை வாசித்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டுவிட்டு வாங்கியவர்கள் அவர்கள். மூன்று வாரத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஓர் அண்ணன் கோலகங்சாரிலிருந்து அழைத்து, "தண்டல் பாத்திரத்த பாதியிலேயே விட்டுட்டீங்களே தம்பி, அவன் கடைசியில என்ன ஆனான்?" என்று கோபமாகவே கேட்டார். அந்தக் கோபம்தான் இரண்டாவது நாவலின் விதை.

இன்னொரு நாள் ஒரு பெரியம்மா, பழைய பால்மரம் வெட்டுத் தொழிலாளி, நூலைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க லயத்த எழுதியிருக்கியாமே தம்பி, எனக்குக் கண்ணு தெரியாது, ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டேன்" என்றார். மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டு பக்கம் பதினான்கு பக்கமானது. சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள்.

விழாவைப் பணத்துக்கான வழியாகப் பார்த்தால் அதற்கு ஈடு இல்லை; ஒரே மாலையில் அச்சுச் செலவு திரும்பிவிடும். கையில் சேமிப்பு இல்லாத முதல் நாவலாசிரியருக்கு நான் இன்றும் விழாவைத்தான் சொல்வேன். வாசகருக்கான வழியாகப் பார்த்தால் அந்த மேசை ஓரம்தான் மேல்.

சொந்தமாக அச்சிடுவோர் கவனிக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு. நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.ஐத் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் நூலில் கட்டாயம் இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அச்சானதும் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும்; அது 1986ஆம் ஆண்டுச் சட்டம். முதல் நூலின்போது அந்த ஐந்து பிரதிகளை நான் பட்ஜெட்டில் சேர்க்கவே இல்லை.

ஞாயிறு பதிப்புத் தொடர் மீது எனக்கு ஒரு பாசம் உண்டு. மலேசியத் தமிழ்ப் புனைகதையை வளர்த்தவை நாளிதழ்கள்தானே. 1950இல் தமிழ் நேசன் கதை வகுப்பு நடத்திக் கதை எழுதக் கற்றுக்கொடுத்தது. எழுபதுகளில் அதே நாளிதழ் பவுன் பரிசு கொடுத்து எழுத்தாளர்களை உற்சாகப்படுத்தியது. எங்கள் தோட்டத்தில் ஒரு அத்தை தொடர்கதைகளை வாராவாரம் வெட்டியெடுத்து, கோணி ஊசியால் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருப்பார். லயம் முழுக்க அது சுற்றும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனபோது அந்தத் தைத்த கட்டுகள்தான் என் நினைவுக்கு வந்தன.

மற்ற நாளிதழ்கள் இருக்கின்றன; ஞாயிறு பதிப்புகளில் கதைகளும் வருகின்றன. ஆனால் என் நாவல் தொடருக்கு ஒத்துவராது. ஒவ்வொரு வாரமும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். என் அத்தியாயம் ஒன்று மூன்று பக்கம், இன்னொன்று முப்பது. வாரக் கடைசியில் ஒரு கொக்கி போட்டு நிறுத்த வேண்டும். எழுதும்போதே தொடராக நினைத்து எழுதியவர்களுக்கு இது நல்ல வழி. என் வழியில் முதல் அத்தியாயத்தை மட்டும் ஒரு ஞாயிறு பதிப்புக்குக் கொடுக்கலாம். காப்பிக் கடையில் உட்கார்ந்து பேப்பர் புரட்டும் மாமாக்களிடம் ஒரு நாவல் வருகிறது என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

சென்னைக்கு வருகிறேன். இதில்தான் அதிக நாள் தடுமாறினேன்.

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. தமிழ் நாவல்களைப் படித்து, சண்டை போட்டு, விமர்சனம் எழுதும் கூட்டம் அங்கேதான் பெரியது. 1977இல் தொடங்கி, புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்திவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு ஜனவரி போய் நின்றிருக்கிறேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் வரிசை வரிசையாகக் கடைகள், பை நிறைய நூல்களோடு நடக்கும் கல்லூரிப் பிள்ளைகள். நம் லயத்துக் கதை அந்தப் பைகளில் ஒன்றுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

சரி, நடைமுறைக்கு வருவோம். இரண்டு பதிப்பகங்களோடு பேசினேன். ஒன்று, குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிரதிகளை நானே முன்பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. அந்தப் பிரதிகள் இங்கே வந்து சேர அனுப்பும் செலவு வேறு; கூட்டிப் பார்த்தால் ஒரு பிரதியின் அடக்கம் ஈப்போவில் அச்சிடுவதற்குச் சமமாகத்தான் வந்தது. விநியோகம் அவர்கள் கையில் என்பது மட்டுமே லாபம். எத்தனை கடைக்குப் போகும், எத்தனை விற்றது என்று எப்போது சொல்வார்கள் என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு எழுத்தாளர் தன் நாவலை வேறொரு பதிப்பகத்திடம் கொடுத்துவிட்டு மூன்று கண்காட்சிகளைத் தவறவிட்டார். "அடுத்த ஜனவரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பதிப்பகத்தில் பிரதியை உண்மையாகவே படித்திருந்தார்கள். அந்த ஆசிரியர் சொன்ன திருத்தங்களில் பாதி எனக்குப் பெரிய உதவி. ஒரு முழு அத்தியாயத்தைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், நாவல் மூச்சு விட்டது. அப்புறம் சொற்களுக்கு வந்தார். கித்தா, மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, ஆயாக்கொட்டகை, பசியாறுவது. இவற்றுக்கு அடிக்குறிப்பு வேண்டும், முடிந்தால் பாதியைப் பொதுத் தமிழுக்கு மாற்றலாம் என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மதுரையில் படிக்கும் ஒருவருக்குப் பெரட்டு என்றால் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம் என்று எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் யோசித்தேன். ஒரு பக்கத்தை அடிக்குறிப்போடு தட்டியும் பார்த்தேன். ஒரே பக்கத்தில் ஏழு எண்கள். பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் சொல்வது போல இருந்தது. வேறு ஊர் வாசகருக்கு இது உதவி. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் என் வாசகருக்கு, இந்த நூல் தனக்காக எழுதப்படவில்லை என்ற அடையாளம். பசியாறினாயா என்று காலையில் கேட்கும் மக்களிடம் அந்தச் சொல்லுக்கு எண் போட்டு எப்படி நீட்டுவது? முதல் பதிப்பில் அது வேண்டாம் என்று முடிவெடுத்தேன். தமிழ்நாட்டுப் பதிப்பு ஒன்று பின்னால் வந்தால், கடைசியில் ஒரு சொற்பட்டியல் வைக்கலாம் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் கதவை மூடவில்லை.

நகரத்துக் கதை எழுதுபவருக்கோ, வரலாற்று நாவல் எழுதுபவருக்கோ இந்தச் சிக்கல் இவ்வளவு இருக்காது. அவர்கள் முதலிலேயே சென்னையை முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஒப்பந்தத்தில் மின்னூல் உரிமையையும் மொழிபெயர்ப்பு உரிமையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்த வரைவில் எல்லாம் ஒரே வரியில் போய்விட்டிருந்தது.

கிண்டில் பற்றி இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வார்கள்: "காசே வேண்டாம் அண்ணே, ராத்திரி ஏத்தினா காலையில உலகம் பூரா இருக்கும்." அது உண்மைதான். 2016 கடைசியிலிருந்து தமிழ் மின்னூல்களை அமேசான் ஏற்கிறது. அச்சுச் செலவு இல்லை, மண்டபம் இல்லை, மீகூன் இல்லை. டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழருக்கு உடனே போய்ச் சேரும்.

ஆனால் உரிமத்தொகைக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். 70 விழுக்காடு என்பார்கள். அது 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால், அதுவும் குறிப்பிட்ட நாடுகளில் விற்றால்தான். அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. இங்கிருந்து ஒருவர் 2.99 டாலருக்கு வாங்கினால் எனக்குக் கிடைப்பது 35 விழுக்காடு, ஏறக்குறைய ஒரு டாலர். இந்தியாவில் 70 வேண்டும் என்றால் நூலை அமேசானின் செலக்ட் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது, அச்சு நூலுக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்காவிலிருந்து வரும் உரிமத்தொகையில் 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள். மலேசியாவுக்கு அமெரிக்காவோடு அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் இல்லை. பணம் மாதம் முடிந்து 60 நாள் கழித்து வரும்.

பணம்கூடப் பெரிதில்லை. என் வாசகர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கைப்பேசியில் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வரும் குரல்பதிவைக் கேட்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள். கடன் அட்டை போட்டு மின்னூல் வாங்கமாட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் வாங்கலாம், குறிப்பாக வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்ட பிள்ளைகள். "எங்க அப்பா பொறந்த தோட்டம்" என்று தேடுபவர்கள் அவர்கள். அவர்களுக்காக மின்னூல் கட்டாயம் வேண்டும். முதல் நாளே வேண்டும் என்ற அவசரம் இல்லை. துப்பறியும் கதை, காதல் கதை என்று வேகமாகப் பல நூல்கள் எழுதுபவர்களுக்கு நான் நேர் எதிராகச் சொல்வேன்: அவர்கள் கிண்டிலில்தான் தொடங்க வேண்டும்; படித்த பக்கங்களுக்குப் பணம் தரும் திட்டம் அவர்களுக்குத்தான் பொருந்தும்.

என் முடிவு இதுதான். 300 பிரதிகள், ஈப்போவில், டிஜிட்டல் அச்சில். ஒரு பிரதிக்கு அடக்கம் கூடுகிறது, ஆனால் வீட்டில் பெட்டி பெட்டியாகத் தேங்காது. தீர்ந்தால் இன்னொரு நூறு போட்டுக்கொள்ளலாம். பணம் சேமிப்பிலிருந்து. பெரிய மண்டப விழா இந்த முறை இல்லை. அதற்குப் பதில் எட்டு வெள்ளிக்கிழமைகள், எட்டுக் கோயில் மண்டபங்கள். பூசை முடிந்து பிரசாதம் கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் நாவலை வாய்விட்டுப் படிக்கப் போகிறேன். மூன்று கோயில் நிர்வாகங்கள் இதற்குள் சரி என்று சொல்லிவிட்டன. படிப்பதைப் பதிவு செய்து, பத்து நிமிடத் துண்டுகளாகப் புலனத்தில் அனுப்பலாம் என்று என் மகள் சொன்னாள். அந்த யோசனை எனக்கு வந்திருக்கவே வராது. முதல் அத்தியாயம் ஞாயிறு பதிப்புக்கு. மின்னல் பண்பலை வானொலியில் ஒரு நேர்காணலுக்கு முயல்கிறேன். ஆறு மாதம் கழித்துக் கிண்டில். அதற்கடுத்த ஜனவரிக்குள் அந்தச் சென்னை ஆசிரியரோடு மறுபடி பேச்சு.

முதல் நூலுக்கு உறை வைத்தவர்களுக்கு நானே வீடு தேடிப் போய் இந்த நாவலைக் கொடுக்கப் போகிறேன். விலை 25 வெள்ளிதான், மேலே ஒரு காசு வாங்கமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னபோது, "அப்ப ஒவ்வொருத்தர் வீட்லயும் அரை மணி நேரம் உக்காந்து பேசிட்டு வாங்க" என்றாள். அப்படியே செய்வேன்.

நேற்று அச்சகத்திலிருந்து மாதிரிப் பக்கம் வந்தது. எழுத்து 11 புள்ளியில் இருந்தது, 192 பக்கம். அந்தப் பெரியம்மாவின் கண்ணை நினைத்து 12 புள்ளிக்கு மாற்றச் சொன்னேன். 240 பக்கம் ஆகிறது, பதினாறு பக்க ஃபாரம் மூன்று கூடுதல், பிரதிக்கு ஒன்றரை வெள்ளி ஏறுகிறது. அச்சகத்துத் தம்பி இரண்டு தடவை கேட்டார், "மாத்தியே ஆகணுமா அண்ணே?" என்று. மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.